எல்லை தாண்டிய காவலில் மருந்து நிற்காமல் இருக்க

சித்தூர், திருப்பதி, கடப்பா, நெல்லூர் பக்கம் போலீஸ் காவலிலோ ஜெயிலிலோ இருக்கும் தமிழ் ஆட்களின் வீட்டாருக்கும், அவர்களுக்காக அலையும் வக்கீல், சங்கத்துக்காரர், சட்ட உதவித் தன்னார்வலர்களுக்கும் இது எழுதப்படுகிறது. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, வேலூர், திருவண்ணாமலை பக்கத்திலிருந்து செம்மரக் கேஸில் பிடிபடுகிறவர்களை மனதில் வைத்துத்தான் பெரும்பாலும் சொல்கிறோம். நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே வழிதான். ஆள் குற்றம் செய்தாரா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. மருந்து கிடைப்பதற்கு அது நிபந்தனையும் இல்லை.

ஒருவர் பிடிபட்டதிலிருந்து ஜெயில் பிளாக்கில் படுக்கும் வரை ஐந்து கை மாறுகிறார்: பிடித்த படை, ஸ்டேஷன், கேஷுவால்டி டாக்டர், மாஜிஸ்ட்ரேட், ஜெயில் கேட். ஒவ்வொரு கைக்கும் அவர் புது ஆள். வருஷக்கணக்காகச் சுகருக்கு மாத்திரை வாங்கிய நோட்டு ஊரில் பெட்டிக்குள் கிடக்கும். சித்தூரில் அவரைப் பார்க்கும் டாக்டரிடம் போலீஸ் கொடுத்த ஒரு கடிதம் மட்டும் இருக்கும். மருந்து அறுந்துபோவது இந்தக் கைமாற்றத்தில்தான். அதனால் செய்ய வேண்டிய வேலையும் ஒன்றுதான்: ஒரு தாள் தயார் செய்து, ஆள் கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் அதை அவரோடு சேர்த்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தோ முத்திரையோ பெறுவது.

ஒரு பக்கத் தாள்

ஏ4 தாளில் ஒரே பக்கம் போதும். இரண்டாவது பக்கத்தை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. டாக்டர்கள் படிக்க ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஸ்டேஷனிலும் ஜெயில் கேட்டிலும் படிக்க அதற்குக் கீழேயே தெலுங்கில் நாலு வரி. அதில் இருக்க வேண்டியவை:

- பெயர், தகப்பனார் பெயர், வயது, எடை, ஊர், குடும்பத்தார் ஒருவரின் போன் எண்
- என்ன நோய், எத்தனை வருடமாக, எந்த ஆஸ்பத்திரியில், ஓ.பி. எண் என்ன
- ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயர், மில்லிகிராம், எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா
- கடைசியாக மருந்து போட்ட தேதியும் நேரமும்
- மருந்து நின்றால் என்ன ஆகும், எவ்வளவு நேரத்தில் ஆகும்
- ஒத்துக்கொள்ளாத மருந்து
- காசநோய் என்றால் நிக்ஷய் எண் (அரசின் காசநோய்ப் பதிவு எண்)

ஐந்தாவது வரியைப் பலரும் எழுதுவதில்லை. உண்மையில் அதிகம் வேலை செய்வது அதுதான். எஸ்.ஐ.க்கோ வார்டருக்கோ பினிடாயின் என்றால் என்னவென்று தெரிய வேண்டியதில்லை. ‘இந்த மாத்திரை ஒரு நாள் நின்றாலும் வலிப்பு வரலாம், உயிருக்கு ஆபத்து’ என்று தெலுங்கில் இருந்தால் படித்தவர் பொறுப்பாளி ஆகிவிடுகிறார்.

கம்பெனிப் பெயரை மட்டும் எழுதாதீர்கள், மூலப்பெயரும் வேண்டும். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாத்திரையைச் சின்னக் காகித உறையில் உதிரியாகப் போட்டுத் தந்திருந்தால், அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஆந்திரா ஜெயில் கேட்டுக்குப் போய்ப் பயனில்லை. பெயர் தெரியாத உதிரி மாத்திரையை உள்ளே விடமாட்டார்கள். அதில் தவறும் இல்லை. சுகாதார நிலையத்துக்கே போய் நர்ஸம்மாவிடமோ டாக்டரிடமோ மருந்துப் பட்டியலை முத்திரையோடு எழுதி வாங்குங்கள். அரை மணி நேர வேலை, பின்னால் பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

எச்.ஐ.வி., மனநல மருந்து விவரங்களை இந்தத் தாளில் எழுத வேண்டாம். தாள் பல கைகளில் போகும். அவற்றைத் தனி உறையில் ஒட்டி, மேலே ‘மருத்துவ அதிகாரி மட்டும் பிரிக்க’ என்று எழுதிக் கொடுங்கள். எச்.ஐ.வி. நிலையை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது.

ஐந்து ஜெராக்ஸ் எடுங்கள். அசல் நோட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன் எதையும் எந்த அதிகாரியிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். போனில் படம் எடுத்து வக்கீலுக்கும் அனுப்பிவையுங்கள்.

முதல் 24 மணி நேரம்

ஆள் எங்கே என்பதே முதலில் தெரியாது. பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் (2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது, பழைய சிஆர்பிசி-க்குப் பதில் வந்தது) 48ஆம் பிரிவின்படி, கைதை உறவினருக்கோ கைதானவர் சொல்லும் ஆளுக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். 37ஆம் பிரிவின்படி மாவட்டக் கன்ட்ரோல் ரூமில் கைதானவர் பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டும். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த டி.கே. பாசு தீர்ப்பில் வெளி மாவட்டத்துக்காரருக்கென்றே ஒரு விதி உண்டு: குடும்பம் வேறு மாவட்டத்தில் இருந்தால், அந்தப் பகுதிப் போலீஸ் ஸ்டேஷன் வழியாக 8 முதல் 12 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். ஆக, திருப்பதிக்கு பஸ் ஏறுமுன் உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே ‘எங்கள் ஆளைப் பற்றித் தகவல் வந்ததா’ என்று எழுதிக் கேட்கலாம். கூடவே 15100-க்கு போன் போடுங்கள். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் எண் அது. காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. 1987 சட்டத்தின் 12ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது.

பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்றாலும், கோர்ட்டுக்குப் போகும் பயண நேரம் அந்தக் கணக்கில் சேராது. ஆந்திரா போலீஸ் தமிழ்நாட்டுக்குள் வந்து பிடித்தால், இங்குள்ள மாஜிஸ்ட்ரேட்டிடம் நிறுத்தி ட்ரான்சிட் ரிமாண்ட் (வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகும் அனுமதி) வாங்கிக்கொண்டு போவது முறை. அது நடந்தால் அதுதான் நல்ல வாய்ப்பு. தமிழிலேயே பேசலாம், நம் வக்கீல் நிற்கலாம், நோயையும் மருந்தையும் அந்த உத்தரவிலேயே எழுதவைக்கலாம். அதைத் தவறவிட்டால் அடுத்த கோர்ட் தெலுங்கில்தான்.

ஸ்டேஷனில் கொடுப்பது மூன்று: தாள், பிரிக்காத அட்டையில் மூன்று நாள் மருந்து, மருந்துக் கடை பில். மாதக்கணக்கு மருந்தைக் கொட்ட வேண்டாம். தொலைந்தால் மறுபடி வாங்க வேண்டியது நீங்கள்தான். ஒரு ஜெராக்ஸில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று முத்திரை கேளுங்கள். கொடுக்கமாட்டேன் என்றால் சண்டை பிடிக்காமல், அன்றைக்கே அதே தாளை எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். காவலில் வைத்திருப்பவர்தான் கைதானவரின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் கவனிக்க வேண்டும் என்கிறது பிஎன்எஸ்எஸ் 56ஆம் பிரிவு. அந்த எண்ணைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். ‘எங்களுக்கு யாரும் சொல்லவில்லை’ என்ற பதிலுக்கு அப்புறம் இடம் இருக்காது.

டாக்டர் முன்

கைதானவுடன் அரசு டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்பது பிஎன்எஸ்எஸ் 53ஆம் பிரிவு. காயங்களையும் அவை எப்போது ஏற்பட்டிருக்கலாம் என்பதையும் அவர் எழுத வேண்டும். அந்த அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் பெயர் சொல்லும் ஆளுக்கோ தரப்பட வேண்டும். பெண் என்றால் பெண் டாக்டர் பார்க்க வேண்டும், அல்லது பெண் டாக்டரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். போலீஸ் காவல் நீண்டால் 48 மணி நேரத்துக்கு ஒரு முறை பரிசோதனை உண்டு, அது டி.கே. பாசு தீர்ப்பு.

நடைமுறையில் கெடுவது எங்கே? டாக்டர் தெலுங்கில் கேட்கிறார், பக்கத்தில் நிற்கும் கான்ஸ்டபிள் பதில் சொல்கிறார். சட்டையைக் கழற்றாமலே பி.பி. பார்த்து ‘ரிமாண்டுக்குத் தகுதி’ என்று எழுதிவிடுகிறார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் அப்படித் தகுதிச் சான்றோடுதான் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். மூன்று, நான்கு நாளுக்குள் இருவரும் இறந்தார்கள். அந்த ஒரு வரிச் சான்று என்ன செய்யும் என்பது தமிழர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வக்கீல் ஆளைப் பார்க்கும்போது (விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை 38ஆம் பிரிவு, விசாரணை முழுக்க உடன் இருக்க முடியாது) சில தெலுங்கு வாக்கியங்களைச் சொல்லிக் கொடுக்கட்டும். டாக்டருக்கும் மாஜிஸ்ட்ரேட்டுக்கும் அதே வாக்கியங்கள்தான்:

- நாகு ஷுகர் உந்தி, இன்சுலின் காவாலி.
- நாகு ஃபிட்ஸ் வஸ்தாயி, மந்து லேது.
- கொட்டாரு, இக்கட நொப்பி. (அடித்தார்கள், இங்கே வலி, கையால் காட்ட வேண்டும்)
- மூத்ரம் நல்லகா வஸ்தோந்தி. (சிறுநீர் கறுப்பாக வருகிறது)
- குண்டெலோ நொப்பி. (நெஞ்சு வலி)

அடிபட்டவர் விஷயத்தில் நான்காவது வாக்கியத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், தொடையிலும் பிட்டத்திலும் லத்தி அடி பலமாக விழும்போது தசை நசுங்கி, அதிலிருந்து வெளியேறும் பொருள் சிறுநீரகத்தை அடைக்கிறது. எலும்பு முறிவு இருக்காது, வெளியே ரத்தம் இருக்காது, ஆள் நடக்கவும் செய்வார். சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறமாகும், அளவு குறையும், இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் நின்றுபோகலாம். காட்டில் ஓடி, தண்ணீர் குடிக்காமல் பிடிபட்டவருக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். கேட்க வேண்டிய சோதனைகள் கிரியேட்டினின், பொட்டாசியம், சிபிகே, சிறுநீர்ப் பரிசோதனை. சிகிச்சை முதலில் சலைன்தான். இங்கே ஒரு எச்சரிக்கை: வலிக்கு வழக்கமாகப் போடும் டைக்ளோபெனாக் ஊசி இந்த நிலையில் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். சிறுநீர் நிறத்தைச் சொல்லாமல் ‘உடம்பு வலி’ என்று மட்டும் சொன்னால் அந்த ஊசிதான் விழும்.

தலையில் அடி பட்டவர் வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் எழும்பாமல் மயக்கமாகவே இருந்தாலோ, பேச்சு குழறினாலோ ஸ்கேன் வேண்டும். ‘குடித்திருக்கிறான்’, ‘நடிக்கிறான்’ என்று விட்டுவிடுவது இந்த அறிகுறிகளைத்தான்.

மாஜிஸ்ட்ரேட்டிடம் எப்படிக் கேட்பது

‘தகுந்த சிகிச்சை அளிக்க வேண்டும்’ என்று ஒரு உத்தரவு வாங்கிக்கொண்டு வருவது சுலபம். அதனால் பலன் குறைவு. ஜெயிலில் ஒரு பாராசிட்டமால் கொடுத்தாலும் அது தகுந்த சிகிச்சையாகிவிடும். மனுவில் நான்கு விஷயம் குறிப்பாக இருக்க வேண்டும்: எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பிரிவு, எந்தத் தேதிக்குள், அறிக்கை எப்போது கோர்ட்டுக்கு வர வேண்டும். இப்படி: ‘மனுதாரரை மூன்று நாட்களுக்குள் திருப்பதி ரூயா ஆஸ்பத்திரிப் பொது மருத்துவப் பிரிவில் காலை 9 மணிக்கு முன் ஆஜர்படுத்தி, இணைப்பில் உள்ள மருந்துகளைத் தடையின்றித் தொடரவும், பரிசோதனை அறிக்கையை அடுத்த வாய்தாவில் தாக்கல் செய்யவும் சிறைக் கண்காணிப்பாளருக்கு உத்தரவிட வேண்டுகிறோம்.’ இதைத் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ எழுதி, ஒரு பக்கத் தாளை இணைப்பாகச் சேர்க்க வேண்டும்.

காயம் இருந்தால் வாய்மொழியாகச் சொன்னதோடு விடாமல், மாஜிஸ்ட்ரேட் அதை ரிமாண்ட் குறிப்பில் எழுதுகிறாரா என்று வக்கீல் பார்க்க வேண்டும். சித்தூர், திருப்பதியில் தமிழ் புரிந்தவர் கோர்ட்டில் யாராவது இருப்பார்கள். கடப்பாவிலும் நெல்லூரிலும் அதை நம்ப முடியாது. மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள்.

இன்னொன்று கவனிக்க வேண்டும். புதிய சட்டத்தின் 187ஆம் பிரிவில், 15 நாள் போலீஸ் காவலை ஒரே மூச்சாக இல்லாமல் முதல் 40 அல்லது 60 நாளுக்குள் துண்டு துண்டாகவும் எடுக்கலாம். ஜெயிலுக்குப் போய்விட்டார், இனிப் பயமில்லை என்று இருக்க முடியாது. போலீஸ் காவலுக்கு வெளியே எடுக்கும்போதும் திரும்ப உள்ளே விடும்போதும் டாக்டர் பார்க்க வேண்டும், மருந்து கூடவே போக வேண்டும் என்று அந்த உத்தரவிலேயே கேளுங்கள்.

ஜெயில் கேட்டுக்கு உள்ளே

1894 சிறைச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, உள்ளே வரும் கைதியை மருத்துவ அதிகாரி கூடிய சீக்கிரம் பரிசோதித்து, உடல்நிலையையும் உடம்பில் உள்ள காயங்களையும் பதிவேட்டில் எழுத வேண்டும். ஸ்டேஷனில் அடிபட்டவருக்கு இந்தப் பதிவுதான் பிற்பாடு பெரிய சாட்சி.

கிளைச் சிறை வேறு, மாவட்டச் சிறை வேறு, மத்தியச் சிறை வேறு என்பதை நினைவில் வையுங்கள். கிளைச் சிறையில் இரவில் டாக்டர் இருப்பார் என்று நினைக்காதீர்கள். தினமும் ஊசி, டயாலிசிஸ், அடிக்கடி வலிப்பு, கர்ப்பம் என்று இருப்பவரை ஆரம்பத்திலேயே ஜெயில் ஆஸ்பத்திரி உள்ள இடத்துக்கு அனுப்பக் கேட்பது நல்லது. கடப்பா, நெல்லூர் என்றால் வீட்டாருக்குத் தூரம் அதிகம்தான். ஆனாலும் பக்கத்தில் இருக்கிறார் என்ற ஆறுதலுக்காக ஊசி போட ஆள் இல்லாத இடத்தில் வைப்பதை நாங்கள் ஆதரிக்கமாட்டோம்.

சுகர்காரரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. ஜெயிலில் இரவுச் சாப்பாடு மாலை 5, 6 மணிக்குள் கொடுத்துப் பூட்டிவிடுவார்கள். கதவு திறப்பது மறுநாள் காலை. வீட்டில் இரவு 8 மணிக்கு ஊசி போட்டு 8.30-க்குச் சாப்பிட்டவருக்கு அந்தக் கணக்கு இங்கே செல்லாது. அதே அளவைச் சாயந்திரமே போட்டுவிட்டு 12 மணி நேரம் பட்டினி கிடந்தால் விடியற்காலையில் சுகர் இறங்கும். வியர்வை, நடுக்கம், குழப்பம், பிறகு மயக்கம். பூட்டிய அறையில் தூங்குகிறார் என்றே நினைப்பார்கள். கிளைபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாத்திரைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஜெயில் டாக்டரிடம் மூன்று கேளுங்கள்: நேரத்துக்கு ஏற்ப அளவை மாற்றி எழுதுவது, இரவில் கையில் வைத்துச் சாப்பிட பிஸ்கட் அல்லது ரொட்டி, அறையில் சர்க்கரைப் பொட்டலம். சுகர் இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கலந்து, 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதை அதே அறையில் இருக்கும் இன்னொருவருக்கும் சொல்லிவைக்கச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வார்டரைக் கூப்பிடப்போவது அவர்தான்.

இன்சுலினில் இன்னொரு பெரிய தப்பு சிரிஞ்சில் நடக்கிறது. அரசு ஆஸ்பத்திரி பாட்டில் பொதுவாக ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜும் விலை கூடிய சில பாட்டில்களும் ஒரு மில்லிக்கு 100 யூனிட்; அதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ‘20’ வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். உயிரை எடுக்கும் வித்தியாசம் இது. வீட்டில் பேனா பயன்படுத்தியவருக்கு ஜெயிலில் பாட்டிலுக்கு மாற்றச் சொல்வது மேல்; தாளில் யூனிட்டோடு ‘40’ அல்லது ‘100’ என்றும் எழுதுங்கள். பிரிக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. ராயலசீமை வெயிலில் பிரிட்ஜ் இல்லாத கிளைச் சிறையில், பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஈரமான மண்பானைக்குள் நிழலில் வைத்தால் பெருமளவு காப்பாற்றலாம். சிறு வயதிலிருந்தே இன்சுலினில் இருப்பவருக்கு ஒரு நாள் ஊசி நின்றாலே வாந்தி, வயிற்று வலி, வேக மூச்சு என்று ஆரம்பித்துவிடும். அவரை நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோக வேண்டும்.

வலிப்பு மாத்திரை (பினிடாயின், வால்ப்ரோயேட், பினோபார்பிட்டோன்) எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஒன்றன் பின் ஒன்றாக வலிப்பு வந்து நிற்காமல் போகலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தாலோ ஆம்புலன்ஸ். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணி வைத்தால் போதும். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது, வாயில் கரண்டி வைப்பது இரண்டும் வேண்டாம். ஜெயிலில் சாவிக்குப் பஞ்சமில்லை என்பதால் முதலாவதை அவசியம் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

குடிப்பழக்கத்தைப் பெரும்பாலான வீட்டார் மறைக்கிறார்கள். கேஸுக்குக் கெடுதல் என்று நினைக்கிறார்கள், வெட்கமும் உண்டு. மறைக்காதீர்கள். தினமும் அதிகம் குடித்தவருக்குக் கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 24 மணி நேரத்தில் நடுக்கம், இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டு முதல் நான்கு நாளுக்குள் பிதற்றல், இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல் என்று போகும். கவனிக்காவிட்டால் சாவும் நேரும். கணக்குப் பார்த்தால் அந்த நேரத்தில் அவர் ஸ்டேஷனிலோ ஜெயிலின் முதல் இரவிலோ இருப்பார். பிதற்றுபவரைப் ‘பைத்தியம்’ என்று தனியறையில் அடைப்பதும் அடிப்பதும் இங்கேதான் நடக்கிறது. டயசிபாம் அல்லது லோரசிபாம் கொண்டு இதைப் பாதுகாப்பாகத் தணிக்க முடியும். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் ஊசி போட வேண்டும், இல்லையென்றால் மூளை பாதிக்கப்படலாம். தாளில் ‘தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போது’ என்று எழுதுங்கள்.

காசநோய்க்குச் சாதாரண வகை என்றால் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து, இடைவெளி கூடாது. மருந்து நாடு முழுக்க இலவசம், நிக்ஷய் பதிவும் நாடு முழுக்க ஒன்றுதான். உங்கள் ஊர்க் காசநோய்ப் பிரிவு மேற்பார்வையாளரிடம் போய் ‘இவரைச் சித்தூர் மாவட்டத்துக்கு மாற்றிவிடுங்கள்’ என்று கேட்டால் கணினியிலேயே மாற்றிவிடலாம். மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் அலைய வேண்டாம். அதே நேரத்தில் ஜெயில் டாக்டருக்கும் எண்ணைக் கொடுங்கள். கணினியில் மாறியதும் ஆள் கையில் மருந்து கிடைப்பதும் ஒன்றல்ல.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பி.பி.க்கு அட்டெனலால், குளோனிடின் போடுபவருக்குத் திடீரென நிறுத்தினால் பி.பி. எகிறும், நெஞ்சு வலி வரலாம். ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகாதவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. ஆஸ்துமாக்காரர் இன்ஹேலரைத் தன்னிடமே வைத்திருக்க டாக்டர் எழுத்தில் அனுமதி தர வேண்டும்; கேட்டில் பூட்டிவைத்த இன்ஹேலரால் நள்ளிரவில் பலனில்லை. கர்ப்பிணிக்குப் பிரசவம் வெளி ஆஸ்பத்திரியில் நடக்க ஏற்பாடு செய்ய வேண்டும், பிறந்த இடமாக ஜெயிலைப் பதியக் கூடாது, ஆறு வயது வரை குழந்தை தாயோடு இருக்கலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கே ஆந்திரப் பிரதேசத்தின் பேரில் நடந்தது.

ஆளைப் பார்க்கப் போகும்போது (நம் பக்கம் ‘மனு பார்ப்பது’, அங்கே கேட்டில் ‘முலாகத்’ என்று கேளுங்கள்) கிடைக்கும் சில நிமிடத்தில் ‘சாப்பிட்டியா, நல்லா இருக்கியா’ என்பதோடு நிறுத்தாதீர்கள். இன்றைக்கு எத்தனை மாத்திரை, என்ன நிறம், எந்த நேரம், யார் கொடுக்கிறார்கள், சுகர், பி.பி. கடைசியாக எப்போது பார்த்தார்கள். சிறுநீர் எப்படிப் போகிறது. வெளியே வந்ததும் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

வெளி ஆஸ்பத்திரிக்குப் போவது

ஜெயில் டாக்டர் எழுதிக் கொடுத்தும் ஆள் போகாமல் இருப்பதற்கு வழக்கமான காரணம் எஸ்கார்ட். கைதியைக் கூட்டிப்போக ஆயுதப்படைக் காவலர் வர வேண்டும். பந்தோபஸ்து, திருவிழா, மந்திரி வருகை என்றால் வரமாட்டார்கள். வந்தாலும் பதினொன்றரை மணிக்கு வந்தால் ஓ.பி. முடிந்துவிடும். அதனால்தான் மேலே உத்தரவில் ‘காலை 9 மணிக்கு முன்’ என்று கேட்கச் சொன்னோம். ஒரு தேதி தவறினால் வக்கீல் அடுத்த வாய்தாவிலேயே தவறியதற்கான காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். இரண்டாவது முறை பெரும்பாலும் எஸ்கார்ட் வந்துவிடுகிறது.

வேலூருக்கு, குறிப்பாக சி.எம்.சி.க்குக் கொண்டுபோக வேண்டும் என்று குடும்பங்கள் ஆசைப்படுவது இயற்கை. மாநிலம் தாண்டிய எஸ்கார்ட், செலவு, கோர்ட் அனுமதி என்று அது பெரிய காரியம். ரூயாவோ திருப்பதியிலேயே உள்ள ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரியோ ‘இந்தச் சிகிச்சை இங்கே இல்லை’ என்று எழுத்தில் தந்தால் மட்டும் அந்த மனுவைப் போடுங்கள். அதில்லாமல் போட்டால் வாரங்கள் வீணாகும். தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டையை எதிர்பார்த்தும் காத்திருக்க வேண்டாம். காவலில் உள்ளவரின் சிகிச்சை அரசின் பொறுப்பு.

கட்டிலோடு விலங்கு மாட்டியிருந்தால் படம் எடுக்க முயலாதீர்கள், வக்கீலிடம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் கைதிகளைக் கட்டிலோடு கட்டிவைத்ததை எதிர்த்துத்தான் 1995இல் உச்ச நீதிமன்றம் அசாம் வழக்கில் தீர்ப்புச் சொன்னது: மாஜிஸ்ட்ரேட் அனுமதி இல்லாமல் விலங்கு கூடாது.

நோயைக் காட்டி ஜாமீன் கேட்பவர்கள் பிஎன்எஸ்எஸ் 480ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். நோயாளி, உடல் தளர்ந்தவர், பெண், குழந்தை ஆகியோருக்குத் தனி இடம் அதில் உண்டு. ‘சுகர் இருக்கிறது’ என்பது போதாது. ‘இந்தச் சிகிச்சையை ஜெயிலில் தர முடியாது’ என்ற மருத்துவ அறிக்கை வேண்டும். அதற்கும் மேலே சொன்ன கோர்ட் உத்தரவுதான் வழி. பி.டி. சட்டத்தில் தடுப்புக் காவலில் வைத்திருந்தால் ஜாமீன் மனு செல்லாது. அரசுக்கு மனுவும் அமராவதி உயர் நீதிமன்றத்தில் ரிட்டும்தான்.

எதுவும் நடக்காவிட்டால்

முதலில் சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில். ஒரே நாளில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தின் செயலாளருக்கும் நகல். அவர் ஒரு நீதிபதி. ஜெயிலுக்குள் போய்க் கேட்கும் அதிகாரம் உள்ளவர். எங்கள் கணிப்பில் மனித உரிமை ஆணையத்தைவிட இவர் வேகமாக அசைகிறார். தேசிய மனித உரிமை ஆணையத்தின் எண் 14433. அவசரம் என்றால் இவற்றுக்குக் காத்திராமல் உயர் நீதிமன்றம்.

காவலில் சாவு நேர்ந்தால் பிஎன்எஸ்எஸ் 196ஆம் பிரிவின்படி மாஜிஸ்ட்ரேட் விசாரணை கட்டாயம். மனித உரிமை ஆணையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்கக் கேளுங்கள். உடலை வாங்குமுன் குடும்பத்தார் ஒருவர் முன்னும் பின்னும் பார்த்துப் படம் எடுக்கட்டும். சந்தேகம் இருந்தால் எரிக்க வேண்டாம், புதையுங்கள். மறு பரிசோதனைக்கு அது ஒன்றே வழி.

இடமாற்றமும் விடுதலையும்

ஒரு ஜெயிலிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புமுன் மருத்துவ அதிகாரி பரிசோதித்து, பயணத்துக்குத் தகுதி என்று சொல்ல வேண்டும், சிறைச் சட்டம் 26ஆம் பிரிவு. அந்த நேரத்தில் மருத்துவச் சீட்டும் கூடப் போனதா என்று புது ஜெயிலில் கேளுங்கள். பல நேரம் வாரண்ட் மட்டும்தான் போயிருக்கும்.

ஜாமீன் உத்தரவு கிடைத்த அன்றே மருந்தைப் பற்றியும் நினையுங்கள். விடுவிப்பது பெரும்பாலும் சாயந்திரம். மலை ஊருக்குப் போய்ச் சேர மறுநாள் ஆகும். ஒரு வாரத்து மருந்தையும் சிகிச்சைக் குறிப்பின் நகலையும் விடுதலைக்கு முதல் நாளே கேட்டுவையுங்கள். ஊர் வந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தக் குறிப்பைக் காட்டினால் சுகர், பி.பி. மருந்தை மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டிலேயே வாங்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை; நெரிசலான பிளாக்கில் இருந்து வந்தவருக்கு இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சிகிச்சைக் குறிப்பைத் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஜெயிலின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஆள் இன்னும் உள்ளேயே இருந்து மருந்து நின்றிருந்தால், ‘உயிர் தொடர்பானது, பிரிவு 7(1)’ என்று தலைப்பில் குறிப்பிடுங்கள். அதற்கு 30 நாள் இல்லை, 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும்.